எக்ஸ்ட்ரா டீசல் டேங்க் மாட்டப்போய் 42,000 ரூபாய் போச்சு: ரெக்கவரி வண்டிக்காரர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி ஓசூரில் பழுதான கார்களை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி ஓட்டும் தம்பி ஒருவன் ஒரு பட்டறையின் வீடியோவை அனுப்பி, "அண்ணா, இங்க டேங்க் சூப்பரா பண்றாங்களாம், போலாமா?" என்று கேட்டான். வீடியோவில் நிற்பது என் வண்டி. நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான் தர்மபுரியில் ஒரே ஒரு ரெக்கவரி வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். வண்டியோடு வந்த டேங்க் 90 லிட்டர். வண்டியின் பின்பக்கத் தட்டில் கார் ஏற்றிக்கொண்டு போனால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிசு. காரை ஏற்றி இறக்கும்போது ஹைட்ராலிக்குக்காக வண்டி நின்ற இடத்திலேயே டீசல் குடிக்கும். வாரம் மூன்று முறையாவது பெங்களூரு போகிறேன். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். அங்கேயே நிரப்பிக்கொண்டால் என்ன என்று இன்னொரு 120 லிட்டர் டேங்க் மாட்ட ஆசைப்பட்டேன்.

நாமக்கல் பக்கம் ஒரு பட்டறை. பெயர் சொல்லப் போவதில்லை. லாரித் தொழிலுக்கு நாமக்கல்தானே என்ற நம்பிக்கை வேறு. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அலுமினிய டேங்க் ஒன்றைத் தூக்கி என் மடியிலேயே வைத்தார். சட்டியைப் போல லேசாக இருந்தது. வாய்க்குள் செல்போன் டார்ச் அடித்து, "பாருங்கண்ணா, உள்ள ரெண்டு தடுப்புத் தகடு. டீசல் அலம்பவே அலம்பாது" என்றார். ஆர்டிஓ பேப்பர்? "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ங்க." பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூட ஆகும், நமக்குள் எதற்கு என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். அங்கேதான் விழுந்தேன். 42,000 ரூபாயையும் ரொக்கமாகக் கொடுத்தேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் ரசீதாம்.

மறுநாள் சாயங்காலம் வண்டி தயார். டேங்க் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். தட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

முதல் வாரமே வண்டி நிறுத்திய இடமெல்லாம் டீசல் சொட்டியது. புது டேங்க்கைப் பழையதைவிட ஒரு சாண் மேலே ஏற்றி மாட்டி, நடுவில் வால்வே இல்லாமல் வெறும் ஹோஸ் போட்டு இணைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது கீழே இறங்கும், கீழே நிரம்பினால் ப்ரெதர் என்கிற காற்றுக் குழாய் வழியாக வெளியே வரும். இது தண்ணித் தொட்டி கட்டுகிற கொத்தனாருக்கே தெரியும். போன் செய்தால், "ஃபுல் பண்ணாதீங்கண்ணா, முக்கால் டேங்க்கோட நிறுத்திக்குங்க" என்றார். முக்கால் டேங்க் ஊற்றவா 42,000 கொடுத்தேன்?

இருபத்து மூன்றாம் நாள் சேலத்திலிருந்து கார் ஒன்றை ஏற்றிக்கொண்டு வருகிறேன், தொப்பூர் கணவாய் ஏற்றம், ராத்திரி பதினொன்றரை. இழுவை குறைந்து, செக் லைட் எரிந்து, வண்டி நின்றுவிட்டது. அந்த ரோட்டில் பின்னால் வரும் லாரிகளை நினைத்தாலே இப்போதும் குலை நடுங்குகிறது. அடுத்தவன் வண்டியைத் தூக்குகிற என்னைத் தூக்க இன்னொரு ரெக்கவரி வந்தது. தொழில்காரன் என்று பார்க்காமல் 6,000 வாங்கினான்.

டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். சாம்பல் நிறத்தில் குழம்பு. அதில் கடுகு கடுகாக வெல்டிங் பொறி. மெக்கானிக் அண்ணன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து என் 'அலுமினிய' டேங்க் மேல் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. பெயின்ட்டைச் சுரண்டினால் கீழே துரு. ஏதோ பழைய வண்டி டேங்க்கில் ஓட்டை விழுந்த இடத்தில் ஜிஐ தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜிஐ மேல் உள்ள துத்தநாகம் டீசலோடு சேர்ந்தால் சோப்பு மாதிரி பிசுபிசுத்து ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் அடைக்கும், டீசல் டேங்க்குக்கு அதைத் தொடவே கூடாது என்றார். தடுப்புத் தகடு ஒன்றுகூட இல்லை. இரண்டு நாசில் மாற்றியதில் இன்னொரு 39,000.

பட்டறைக்குப் போன் மேல் போன். முதலில், "பங்க்ல கலப்படம்ங்க." அப்புறம், "முதலாளி மலைக்குப் போயிருக்கார்." வண்டியைக் கொண்டுவாங்க பார்க்கலாம் என்றார்கள். ஓடாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? நேரில் போனேன். கல்லாவில் இருந்த பையன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "பில் இருக்குங்களா?" என்று கேட்டான். விசிட்டிங் கார்டைக் காட்டினேன். "இது எங்க கையெழுத்தே இல்லைங்க" என்றான். வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமென்ட்டை அழித்துவிட்டார்கள். என் நம்பரையும் பிளாக் செய்தாயிற்று.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லியிருக்கிறேன். தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பில் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும், பார்ப்போம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது எழுதும் மனநிலை இல்லை. கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். மாட்டுவதற்கு முன் டேங்க்கின் உள்ளே போட்டோ எடுங்கள். பில் வாங்குங்கள், 18 சதவீதம் போனால் போகட்டும். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் மாட்டாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடிக்கும், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். அவர்கள் 'பாத்துக்கறோம்' என்ற பேப்பர் இன்றுவரை வரவில்லை. எனக்கு அடுத்த மாதம் வண்டியின் தகுதிச் சான்று (எஃப்.சி.) வேறு.

டேங்க்கைக் கழற்றி வீட்டு வாசலில் போட்டிருக்கிறேன். உள்ளே இன்னும் எழுபது லிட்டர் டீசல் கிடக்கிறது. துணியில் வடிகட்டினாலும் அதை வண்டியில் ஊற்ற மனசு வரவில்லை.