கழற்றக்கூடிய மெமரியும் கெக்செக்கும்: எந்த வழி நல்லது?

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து (இயங்குதளத்தின் மையப் பகுதி) நேராகப் புதிய கெர்னலுக்குத் தாவும் கெக்செக் வசதி, 2005-இல் 2.6.13 பதிப்போடு லினக்ஸுக்கு வந்தது. பெரிய சர்வர்களில் ஃபர்ம்வேர் சோதனைகள் முடியவே பல நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஏற்றுகிறோம், அப்புறம் எப்போதோ தாவுகிறோம். புதிய கெர்னல் மெமரியின் எந்த பௌதிக முகவரியில் போய் உட்காரும் என்பது ஏற்றும்போதே முடிவாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் யாரும் துண்டு போட்டு வைப்பதில்லை. தரவு பெரும்பாலும் வேறு மெமரிப் பக்கங்களில் காத்திருந்து, தாவும் நொடியில்தான் அங்கே நகலாகிறது. அந்த இடம், கணினி ஓடும்போதே கழற்றக்கூடிய மெமரி பிளாக்கில் (மெமரியின் ஒரு துண்டு) இருந்து, இடைப்பட்ட நேரத்தில் அதை யாராவது கழற்றிவிட்டால், இல்லாத இடத்தில் எழுதப் போகிறது கணினி. அதற்குள் பழைய கெர்னல் சாதனங்களை எல்லாம் நிறுத்திவிட்டிருக்கும், ஒரு பிழைச் செய்தியைக் காட்டக்கூட ஆள் இருக்காது.

இதற்குச் சொல்லப்படும் முதல் தீர்வு, கழற்றுவதையே தடுப்பது. ஏற்றிய கெர்னல் குறிவைத்திருக்கும் பிளாக்கை அகற்ற முயன்றால் கெர்னலே மறுத்துவிடும். 2020-இல் இப்படி ஒரு பேட்ச் (கெர்னல் நிரலுக்கான திருத்தம்) முன்வைக்கப்பட்டது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதுதான் உறுதியானது. ஆனால் ஒருமுறை ஏற்றிய கெர்னல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். அத்தனை நாளும் அந்த மெமரி சிறைப்பட்டுக் கிடக்கும், ஏன் கழற்ற முடியவில்லை என்பதும் நிர்வாகிக்குப் புரியாது. எனக்கு இது மருந்தே நோயாவது போலத்தான் படுகிறது.

இரண்டாவது, யூடெவ் விதி, அதாவது சாதனங்கள் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லி வைப்பது. மெமரி மாறியதும் பயனர் பக்க நிரல் ஒன்று கெர்னலை மறுபடி ஏற்றிவிடும். கெர்னல் நொறுங்கினால் மெமரியின் நகலை எடுத்து வைக்கும் கேடம்ப் சேவைக்கு இது பழகிய வழிதான். ஆனால் அங்கே புதிய கெர்னலுக்கு முன்கூட்டியே ஒதுக்கிய இடம் உண்டு, மாறுவது மெமரிப் பட்டியல் மட்டும். இங்கே இடமே பறிபோகிறது. கழற்றும் நொடிக்கும் மறு ஏற்றத்துக்கும் நடுவில் ரீபூட் வந்துவிட்டால் கதை முடிந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆபத்தான மெமரியைத் தொடாமலே இருப்பது. 2020-இல் 5.8 பதிப்போடு வந்த, மெய்நிகர் கணினியின் மெமரியைக் கூட்டிக் குறைக்கும் விர்டியோ-மெம் டிரைவர், தான் சேர்க்கும் மெமரியை வெறும் 'சிஸ்டம் ராம்' என்று பதிவு செய்யாமல் தன் பெயரையும் சேர்த்துப் பதிகிறது. கெர்னலை ஏற்றும் பழைய கெக்செக்_லோட் வழியில் பயனர் பக்கக் கருவி அந்தப் பதிவுப் பட்டியலைப் படித்துத்தான் இடம் தேடும். பெயர் பொருந்தாததால் ஒதுங்கிப் போய்விடும். இடத்தைக் கெர்னலே தேர்ந்தெடுக்கும் கெக்செக்_ஃபைல்_லோட் வழியிலும், 'டிரைவர் நிர்வகிப்பது' என்ற குறியைப் பார்த்துத் தாண்டிச் செல்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. விர்டியோ-மெம் பகுதிக்குள் சில பிளாக்குகள் இருக்கும், சில இருக்காது. புதிய கெர்னல் மொத்தத்தையும் சாதாரண ராம் என்று எடுத்துக்கொண்டால், இல்லாத பிளாக்கில் கை வைத்துவிடும். இப்போது அதன் ஆரம்பப் பட்டியலிலேயே அந்தப் பகுதி இடம்பெறாது. டிரைவர் எழுந்து, எது இருக்கிறது என்று, மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹைப்பர்வைசரிடம் கேட்டுத்தான் சேர்க்கும்.

ஆனால் ஃபர்ம்வேரின் ஏசிபிஐ இடைமுகம் வழியாகச் சேரும் டிம்களுக்கு (மெமரி அட்டைகள்) இந்தப் பாதுகாப்பு இல்லை. அவை சாதாரண ராமாகத்தான் பதிவாகின்றன. அங்கே நான் சொல்வது நான்காவது வழி, தாவுவதற்குச் சற்று முன்பு மட்டும் ஏற்றுங்கள். எதுவும் ஏற்றப்படாத நிலையில் சேவைகளை நிர்வகிக்கும் கருவியான சிஸ்டம்சிடிஎல்லுக்கு கெக்செக் கட்டளையைக் கொடுத்தால், அதுவே முதலில் கெர்னலை ஏற்றிவிட்டு அப்புறம்தான் சேவைகளை நிறுத்தும். ஆபத்தான இடைவெளி மாதங்களிலிருந்து ஒரு நிமிட அளவுக்குச் சுருங்கிவிடும். முழுசாக மறையாது, ஆனால் அந்த நிமிடத்தில் டிம்மைக் கழற்றாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

முன்கூட்டியே ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மெமரியைக் கழற்றும் முன், கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் கெர்னல் அடைவில் இருக்கும் கெக்செக்_லோடட் கோப்பைப் பாருங்கள். 1 என்று இருந்தால் முதலில் ஏற்றியதை இறக்கிவிடுங்கள். கழற்றி முடித்த பிறகு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.