கோடியக்கரைக் காட்டுக்கு எப்போது போகலாம்: மார்கழியிலா, வைகாசியிலா?

கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "டிசம்பர், ஜனவரியில போங்க, பூநாரை வரும்." சரிதான். ஆனால் அந்தப் பதில் சதுப்பு நிலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே அங்கே ஒரு பழங்காடு நிற்கிறது. அதைப் பார்க்க எப்போது போவது என்று யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

1967-இல்தான் அது சரணாலயம் ஆனது. காட்டின் வயது வேறு. சுந்தரர் இங்குள்ள சிவன் கோயிலின் கோடிக்குழகரைப் பாடும்போது, காடோ மிக அடர்ந்தது, பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, இங்கே யாரைத் துணையாக வைத்துக்கொண்டு இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். அவர் அப்படிக் கேட்டு ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வகைக் காட்டுக்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரை நெடுக இருந்தது, இன்று கோயில்காடுகளிலும் இதுபோன்ற சில இடங்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

முதலில் மார்கழி, தை. பறவைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு மாதம் கிடையாது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றால் தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு தெரியும். தொலைநோக்கியை வைத்தால் அந்தக் கோடு பூநாரைகளாகப் பிரியும். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசிக்கொண்டிருக்கும். தொலைநோக்கி இல்லாமல் போனால் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். என் முதல் பயணம் அப்படித்தான் முடிந்தது. பூநாரையைவிட எனக்கு மனசு கரைவது கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவையைப் பார்த்தால்தான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், எடை 25 கிராம் பக்கம். வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து பறந்து வந்து, நம் ஊர்ச் சேற்றில் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அதே மாதத்தில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். மழை முடிந்த நேரம், வழியெல்லாம் பச்சை. வேதாரண்யத்து வேலியும் பச்சை, காடும் பச்சை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கண்ணுக்குப் படாது. பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்பதால் வெளிமானும் ஓரிடத்தில் கூடாது, எங்கெங்கோ சிதறி மேயும். கொசுத் தொல்லை வேறு.

அப்புறம் வைகாசி. அக்னி நட்சத்திரத்தில் யாராவது வேதாரண்யம் பக்கம் போவார்களா என்றுதான் வீட்டில் கேட்டார்கள். போனேன். உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தன, புல்லெல்லாம் வைக்கோல் நிறம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. அதற்கு நடுவே காடு மட்டும் கரும்பச்சையாக நின்றது. பசுமைமாறாக் காடு என்ற பெயருக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பாலை மரத்தின் இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடிமனாக, மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. உள்ளே இருக்கும் ஈரத்தை இந்தத் தோல் அவ்வளவு எளிதில் வெளியே விடாது, அதனால்தான் இந்த வெயிலிலும் வாடாமல் நிற்க முடிகிறது. மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. கடற்காற்று சீவிவிட்டதுபோல் தலைகள் ஒட்டிக் கூரையாகக் கிடக்கும். கீழே நடந்தால் நல்ல நிழல்.

வைகாசியில்தான் பாலைப்பழம். வேப்பம்பழம்போல மஞ்சளாக இருக்கும், தித்திப்பு நாக்கில் நிற்கும். நாலு பழம் தின்றால் பால் பிசினாகி உதடு ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் தடவினால் விட்டுவிடும். காட்டில் இருக்கும் பழம் காட்டுக்கே என்று விட்டுவிட்டு, வேதாரண்யம் கடைத்தெருவில் வாங்கிச் சாப்பிடுங்கள். குரங்கு, நரி, மரநாய் முதல் மட்டக்குதிரை வரை பழங்களைத் தின்று விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுகின்றன. வழியில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் கிளறினாலே விதைகள் தெரியும். அடுத்த தலைமுறைக் காடு விதைக்கப்படுவதை நேரில் பார்க்கலாம்.

வெளிமானையும் இப்போதுதான் சுலபமாகப் பார்க்கலாம். தண்ணீர் அருகிவிடுவதால் வனத்துறை தொட்டிகளில் நீர் ஊற்றுகிறது. காலையில் அந்தப் பக்கம் போனால் முறுக்கிய கொம்போடு ஒரு கருப்புக் கிடா, பின்னால் பெட்டைகள் என்று கூட்டமாக நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. ஆறிலிருந்து எட்டு, பிறகு நாலிலிருந்து ஆறு, அவ்வளவுதான் நேரம். வைகாசியின் பெரிய குறை இது. பூநாரைக் கூட்டமும் இருக்காது.

ஐப்பசியையும் சொல்லிவிட வேண்டும். இலங்கைக்குப் போகும் வழியில் ஆறுமணிக்குருவி இந்தக் காட்டில் இறங்கும். சருகைக் கிளறி இரை தேடும், விடியும்போதும் பொழுது சாயும்போதும் குரல் கொடுக்கும். கண்டுவிட்டால் மழையில் நனைந்ததெல்லாம் மறந்துபோகும். ஆனால் அது புயல் காலம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தக் கரையைத்தான் அடித்தது. மறு வருடம் போனபோது பழைய பாலை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, நிழலாக இருந்த தரையில் வெயில் நேராக விழுந்தது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்படித் திறந்த இடங்களில் சீமைக்கருவேலம் முந்திக்கொள்ளும் என்பதுதான் இன்னும் பெரிய கவலை. ஐப்பசியில் போவதென்றால் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

மாசி, பங்குனி இரண்டுங்கெட்டான். பறவை குறைய ஆரம்பித்திருக்கும், பழம் வந்திருக்காது.

குழந்தைகளோடு ஒரே ஒரு முறை போகிறீர்களா? தையில் போங்கள், தொலைநோக்கியை மறக்காதீர்கள். காட்டுக்காகவே போகிறவர்களுக்கு நான் வைகாசியைத்தான் சொல்வேன். முதல் நாள் சாயங்காலமே வேதாரண்யத்துக்கு வந்துவிடுங்கள். கடைத்தெருவில் பாலைப்பழம் வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வந்துவிட்டது என்றால், 11 கிலோமீட்டர்தான், விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள் ராமர் பாதம் மணல்மேட்டில் ஏறி நின்றால் சுற்றியிருக்கும் காட்டைப் பார்க்கலாம்.