மானிட்டர் மங்கலாகத் தெரிகிறதா? கார்டு வாங்கிவிடாதீர்கள்

வடசென்னைப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "போர்டு பழசு சார், இவ்ளோ பெரிய மானிட்டருக்குத் தாங்காது, கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் ஆகும்" என்று யாராவது சொன்னால், பர்ஸைத் தொடும் முன் டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திரைக்குப் படம் அனுப்பும் வேலையைச் செய்யும் அந்தத் தனி கார்டுக்காக, இதே வசனத்தைச் சொல்லித்தான் என்னிடம் 3,200 ரூபாய் கறந்தார்கள்.

எம்.சி. ரோட்டில் சில துணிக்கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். வேலையெல்லாம் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்துதான். பழைய 18.5 இன்ச் மானிட்டர் உயிரை விட்டதும், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை அலைவானேன், பக்கத்திலேயே வாங்கினால் நாளைக்கு ஒன்று என்றால் ஓடி வருவார்கள் என்று பெரம்பூர் பக்கம் ஒரு கடையில் 24 இன்ச் ஃபுல் எச்டி எடுத்தேன். மானிட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பினார்களே, வினை அங்கேதான்.

வந்தவர் முதலில் சொன்னது: "மானிட்டர் மாத்தினா விண்டோஸும் புதுசா போடணும் சார்." அதற்கு 500. இது சுத்தப் பொய். மானிட்டர் தன் அளவு என்ன என்பதைக் கேபிள் வழியாகத் தானே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். விண்டோஸை யாரும் தொட வேண்டியதில்லை. கணக்கு ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில் இருந்ததால் தப்பித்தன.

புது விண்டோஸ் போட்டாரே தவிர, டிஸ்பிளே டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை விண்டோஸ் சரியாக இயக்க உதவும் மென்பொருள், போடவில்லை. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேஸிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தது. அது ஒப்புக்குச் சப்பாணி. திரையில் ஏதோ தெரியவைக்கும், அவ்வளவுதான். ரெசல்யூஷன், அதாவது அகலத்துக்கு இத்தனை, உயரத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு, 1024x768ல் நின்றுவிட்டது, மாற்றும் இடம் சாம்பல் நிறத்தில் அமுங்கிக் கிடந்தது. 1024x768 பழைய குண்டு மானிட்டரின் 4:3 அளவு. அதை 16:9 அகலத்துக்கு இழுத்தால் வட்டமெல்லாம் படுத்த முட்டையாகத்தான் தெரியும். ஒரு கடையின் வட்ட லோகோவை என்னிடமே காட்டி, "பாருங்க சார், போர்டு இழுக்க மாட்டேங்குது" என்றார். கையோடு பையிலிருந்து ஒரு கார்டு வந்தது. விசிறியில் தூசி அப்பியிருந்தது. பெட்டியும் இல்லை, வாரண்டி சீட்டும் இல்லை.

என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3. அந்த புராசசர் வகை 2013ல் வந்தது, பழசுதான். ஆனால் புது மானிட்டரின் ஃபுல் எச்டி அளவான 1920x1080 என்பது அதற்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஒரு வேலையே இல்லை. டேலி கணக்கு சாஃப்ட்வேரும் பிரௌசரும் ஓட்டுகிறவனுக்குத் தனி கார்டு எதற்கு?

கார்டு போட்ட பிறகு வட்டம் வட்டமானது. எழுத்துதான் நிழலடித்தது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. நம் ஊர்க் கடைகளுக்கு 33ல் தொடங்கும். அதில் 8க்கும் ஆங்கில 'பி'க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் என் பிழைப்பே போச்சு. போனில் கேட்டதற்கு, "புது மானிட்டர் சார், கொஞ்ச நாள் ஓடினா தானா செட் ஆயிடும்" என்றார். செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

அப்புறம் அக்கா பையன் வந்தான். ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் எட்டிப் பார்த்து, "மாமா, இது வி.ஜி.ஏ. கேபிள். ரெசல்யூஷனும் 1280x720ல வெச்சிருக்காங்க" என்றான். பழைய மானிட்டரின் நீல முனைக் கேபிளையே புதுசுக்கும் செருகிவிட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படம் போட்டிருந்தது. அதில் வி.ஜி.ஏ.வுக்குப் பதிலாக வந்த டிஜிட்டல் கேபிளான எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று. பெட்டிக்குள் தெர்மகோலில் அது இருந்த பள்ளம் மட்டும் இருந்தது. பெட்டியைப் பிரித்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தட்டை மானிட்டரில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 என்று புள்ளிகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. பழைய குண்டு மானிட்டர் எந்த ரெசல்யூஷன் கொடுத்தாலும் சமாளிக்கும், இது சமாளிக்காது. 1280 கொடுத்தால் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளி மேல் பரவ வேண்டும். அரைப் புள்ளிக்கு எங்கே போகும்? அதுதான் அந்த நிழல். அதனால் செட்டிங்ஸில் 'ரெக்கமென்டட்' என்று எழுதியிருக்கும் ரெசல்யூஷனைத்தான் வைக்க வேண்டும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காமல் ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கிக்கொள்ளலாம்.

அவன் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்தான். டிவி செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. கேபிளை உருவி மதர்போர்டில் செருகினான். போன் ஹாட்ஸ்பாட்டில் இன்டெல் டிரைவரை இறக்கிப் போட்டு ஒரு ரீஸ்டார்ட். 1920x1080 தானாகவே வந்து உட்கார்ந்தது. ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டதை மானிட்டர் மெனுவில் ஓவர்ஸ்கேனை அணைத்துச் சரிசெய்தான். கறுப்பு சாம்பலாக வெளிறியிருந்ததற்கு இன்டெல் பேனலில் நிறங்களின் வீச்சைத் தீர்மானிக்கும் ஆர்.ஜி.பி. ரேஞ்சை 'ஃபுல்' ஆக்கினான். செலவு ஒரு பைசா இல்லை. நான் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலையே முடிந்துவிட்டது.

வி.ஜி.ஏ. தவிர வேறு வழியில்லாத பழைய போர்டு வைத்திருப்பவர்கள் மானிட்டரின் 'ஆட்டோ அட்ஜஸ்ட்'டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பாதி நிழல் போய்விடும்.

கடைக்குப் போனேன். "கேபிள் கம்பெனியே குடுக்கல சார்" என்றார் முதலாளி. பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததும், "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். கார்டைத் திருப்பினால் தலைக்கு மேலே தொங்கிய 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' பலகையைக் காட்டினார். அவர் கொடுத்திருந்தது எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. "பில் வேணும்னா 18 பர்சன்ட் கூட ஆவும்" என்று என்னிடமே சொன்னார். நாள் முழுக்க ஜிஎஸ்டி போடுகிறவனிடம்!

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பலகை மாட்டினால் சட்டம் மாறாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை.

புகார் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் முதலாளி குரல் மாறியது. கார்டுக்கு வாங்கியதில் 2,700 திரும்பி வந்தது. மீதி "பிட்டிங் சார்ஜ்" என்கிறார். கேபிளும் விண்டோஸ் போட்ட 500ம் வரவில்லை. புகார் இன்னும் திறந்தே இருக்கிறது, அதனால்தான் கடை பெயரை இங்கே போடவில்லை. மானிட்டருக்கு முறையான பில்லும் வாங்கியாக வேண்டும், அது இல்லாமல் மூன்று வருட வாரண்டி செல்லாது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள்.