எல்லைச் சந்தை: யோசனை நன்று, மனசுதான் கொஞ்சம் சிறிது

இந்தியா-வங்கதேச எல்லையில் இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து அமைத்த 'பார்டர் ஹாட்' என்னும் எல்லைச் சந்தைகளுக்கு என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை. அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், இடமே 75 மீட்டருக்கு 75 மீட்டர்தான். சுற்றிலும் வேலி, இரு நாட்டுக்கும் தனித்தனி வாசல், சோதனை முடிந்துதான் உள்ளே விடுவார்கள். உள்ளே ரூபாயும் செல்லும், வங்கதேசப் பணமான டாக்காவும் செல்லும், சுங்கவரி கிடையாது.

மேகாலயாவின் கலாய்ச்சரில் 2011இல் முதல் சந்தை வந்தது. அப்புறம் அதே மாநிலத்தில் பாலாட், திரிபுராவில் ஸ்ரீநகர், கமலாசாகர். கடை போடுவதும் வாங்குவதும் சந்தையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான். இந்த விதிதான் இதன் உயிர். எல்லையோரத்தில் வேலையும் இல்லை, பக்கத்தில் டவுனும் இல்லை என்றால், ராத்திரியில் வேலி தாண்டி மூட்டை தூக்குவதுதான் பலருக்குப் பிழைப்பு, அதில் பிடிபடலாம், குண்டடியும் படலாம். அதே சரக்கைப் பகலில், காவலர் கண்ணெதிரே, பயமில்லாமல் விற்க முடிகிறது என்றால் கடத்தல்காரனிடம் கூலிக்குப் போக வேண்டிய அவசியம் குறைகிறது. எல்லைக் காவலுக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரிந்து இல்லை. வியாபாரத்தை விடுங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவைப் பார்க்க பாஸ்போர்ட், விசா என்று அலைய முடியாதவர்கள் இங்கே வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். இதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் நடக்கும் சந்தையை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஒருவர் வாங்கும் வரம்பு முதலில் 50 டாலர், பிறகு 100, அதற்கப்புறம் 200 என்று ஏற்றினார்கள், சரி. ஆனால் கடைக்காரர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்துவிட்டதால், அனுமதி கிடைத்த சிலர் பிழைக்கிறார்கள், மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அந்தப் பொறாமை ஊருக்குள்ளேயே புதுச் சண்டைக்கு வழி. கடை வைத்திருப்பவர்களில் பெண்கள் ரொம்பக் குறைவு, இதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

பெரிய கோபம் வேறு. 2020இல் கொரோனாவுக்காக மூடியவர்கள், சில சந்தைகளைத் திறக்க இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். தலைநகரங்களுக்கு அது ஒரு கோப்பு, அங்கே கடை போட்டவர்களுக்கு வாரச் சம்பாத்தியம். மூடினால் எப்போது திறப்போம் என்று தேதியோடு எழுதிக் கொடுக்கட்டும், வாரத்தில் இரண்டு நாளாவது நடத்தட்டும், நான்கரை போடுகிறேன்.