இன்கஸ் கொப்பியும் ஸ்னாப்ஷொட்டும்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் சிறு அலுவலகத்தில் சேவையகம் என்ற பெயரோடு இருப்பவை இரண்டு பழைய மேசைக் கணினிகள். பரீட்சைப் புள்ளிகளைப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் தளம், ஒரு புத்தகக் கடையின் இருப்புக் கணக்கு, ஒரு கிராமத்து வாசிகசாலையின் நூற்பட்டியல் எல்லாம் அவற்றில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிக் கொண்டெய்னர், அதாவது ஒரே கணினிக்குள் பிரித்து ஓடவிடப்படும் ஒரு சிறு கணினி போன்றது. அவற்றை நடத்தும் மென்பொருள் முன்பு எல்எக்ஸ்டி, இப்போது இன்கஸ். கட்டளைவரியில் இவற்றை நகலெடுத்தும் (கொப்பி), ஒரு கணத்து நிலையை அப்படியே பதிந்து வைத்தும் (ஸ்னாப்ஷொட்) பழகியதில் எனக்குத் திடமாகப்பட்டது ஒன்று: கட்டளை எல்லோருக்கும் ஒன்றுதான், அது நடந்துகொள்ளும் விதத்தை அடியில் இருக்கும் சேமிப்பகமே, அதாவது கோப்புகளை வட்டில் வைக்கும் முறையே, தீர்மானிக்கிறது. இந்த மென்பொருளைப் புகழ்பவரும் திட்டுபவரும் பெரும்பாலும் வெவ்வேறு சேமிப்பகங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதியவர்களுக்காக ஒரு வரி. டொக்கர் என்ற பிரபலமான கொண்டெய்னர் மென்பொருள் பொதுவாக ஒரு செயலியை மட்டும் பொதிந்து தரும். இன்கஸ் தரும் சிஸ்டம் கொண்டெய்னர் என்பது முழு லினக்ஸ். அதற்குள் தொடக்க நிரல், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரொன், தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் எல்லாம் உண்டு, இயங்குதளத்தின் மையமான கேர்னல் மட்டும் தாய்க் கணினியினுடையது. எல்எக்ஸ்டி 2014 இல் அறிவிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அதை உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே இன்கஸ் பிரிந்து வந்தது. நாங்கள் இடம் மாறியது இன்கஸ் 6.0 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு வந்த பிறகு. மாற்றித் தரும் கருவி கூடவே வருவதால் அதில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்னாப்ஷொட் கட்டளைகள் மட்டும் உருமாறிவிட்டன. எல்எக்ஸ்டியில் ஸ்னாப்ஷொட், ரிஸ்டோர் என்று தனித்தனியாக இருந்தவை இன்கஸில் ஒரே தலைப்பின் கீழ் கிரியேட், ரிஸ்டோர், லிஸ்ட், டிலீட் என்று அடங்கியிருக்கின்றன. இதுதான் ஒழுங்கு.

ஸ்னாப்ஷொட்டின் அருமை வாசிகசாலைக் கொண்டெய்னரில் தெரியும். அங்கே ஓடுவது கோஹா என்ற நூலக மென்பொருள். பதிப்பு உயர்த்தும்போது அதன் தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பே மாறும். பழைய பதிப்புக்கு இறங்க வழி கிடையாது. எனவே மாலையில் வாசிகசாலை பூட்டியதும் ஒரு ஸ்னாப்ஷொட், பிறகு மேம்படுத்தல், பிறகு தமிழ்த் தலைப்புகளில் தேடிப் பார்த்தல். தேடல் சரிவராவிட்டால் ரிஸ்டோர். கோப்புகளோடு கொண்டெய்னரின் அமைப்புகளும் அந்த நேரத்து நிலைக்குத் திரும்பிவிடும். இடையில் யாராவது பதிந்த தரவும் போய்விடும் என்பதால்தான் பூட்டும்வரை காத்திருப்பது. புத்தகக் கடைக்கும் இதே விதி. பட்டப்பகலில் ரிஸ்டோர் செய்தால் அன்றைய விற்பனை காற்றோடு போய்விடும்.

எங்களுடைய முதல் சேமிப்பகம் டிர் வகை, அதாவது சாதாரண அடைவு. அதில் ஸ்னாப்ஷொட் என்றால் முழுக் கோப்புத் தொகுதியையும் ஒவ்வொன்றாக நகலெடுப்பதுதான். சுழலும் வன்தட்டில் அதைக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வரலாம். மேலும், நகலெடுத்து முடியும்வரை ஓடும் கொண்டெய்னரை இன்கஸ் உறையவைத்துவிடும், உள்ளே தளமும் தரவுத்தளமும் பாதி வேலையில் அசையாமல் நிற்கும். டிர் வைத்திருப்பவர்கள் கொண்டெய்னரை நிறுத்திவிட்டே ஸ்னாப்ஷொட் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு மாறியதும் அதே கட்டளை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. தொடக்கத்தில் அது இடமும் பிடிப்பதில்லை. தரவு மாற மாறத்தான் வளரும். ஓடும்போதே எடுத்தாலும் எல்லாக் கோப்புகளும் ஒரே கணத்துக்குரியவை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது திடீரென மின்சாரம் போய்த் திரும்பியது போன்ற நிலை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அட்டவணைகளும் தங்கள் பதிவேட்டை வைத்துத் தாங்களே மீண்டுவிடும், மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை நீண்ட இந்த நாட்டில், கணினி அணைந்து எழும்போது சேமிப்பகம் நிலைகுலையாமல் இருப்பது சிறிய விடயம் அல்ல.

விலையும் உண்டு. டெபியன் 12 லினக்ஸில் வரும் இசட்எஃப்எஸ், கட்டுப்படுத்தாவிட்டால் நினைவகத்தில் பாதிவரை தற்காலிகத் தேக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும். 8 ஜிகாபைட் கணினியில் அது பெரிய பங்கு. தொடக்க அமைப்பில் எல்லாக் கேள்விக்கும் என்டர் தட்டினால் சேமிப்பகம் ஒரு கோப்புக்குள் உருவாகும். அதன் அளவு மீதி இடத்தில் 20 சதவீதம், கூடியது 30 ஜிபைபைட். ஸ்னாப்ஷொட்டுகள் குவியும்போது அது நிரம்பிவிடும். தனி வட்டுப் பகுதி கொடுப்பதே நல்லது.

அடுத்தது பழைய ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்புவது. இசட்எஃப்எஸ் கடைசி ஸ்னாப்ஷொட்டுக்கு மட்டுமே நேராகத் திரும்பும். திங்கள், செவ்வாய், புதன் என்று இருக்கையில் திங்களுக்குப் போக வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் அழித்தாக வேண்டும். நான் அப்படிச் செய்வதில்லை. திங்கள் ஸ்னாப்ஷொட்டிலிருந்து கொப்பி கட்டளையால் புதிய கொண்டெய்னர் ஒன்றை உருவாக்கி, வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வேன். இந்த நகலும் கணத்தில் வந்துவிடும், ஏனெனில் அது உண்மையான நகல் அல்ல, மூலத்தைச் சார்ந்த குளோன். அந்த ஸ்னாப்ஷொட்டைப் பிறகு அழித்தாலும் பட்டியலிலிருந்துதான் மறையும்; குளோன் உயிரோடு இருக்கும்வரை வட்டில் இடம் விடுபடாது. எங்கே போனது இடம் என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. குளோன் கொப்பி என்ற அமைப்பைச் சேமிப்பகத்தில் அணைத்துவிட்டால் முழு நகல் எடுக்கும், நேரமும் எடுக்கும்.

கையேட்டில் எழுதியிருந்தும் பலர் கவனிக்காத ஒன்று: கொண்டெய்னருடன் இணைத்த தனிச் சேமிப்பு வொலியூம்கள் அதன் ஸ்னாப்ஷொட்டில் அடங்குவதில்லை. தாய்க் கணினியிலிருந்து இணைத்த அடைவுகளும் அப்படியே. கல்வி நிலையத்தின் வினாத்தாள்களை ஒரு வொலியூமில் வைத்திருக்கிறோம். அதற்குத் தனியே ஸ்னாப்ஷொட், தனியே கால அட்டவணை. இது எனக்குப் பிடித்தமான வடிவமைப்பு அல்ல, ஆனால் காரணம் புரிகிறது: ஒரு வொலியூமைப் பல கொண்டெய்னர்கள் பகிரலாம்.

கால அட்டவணையும் ஆயுட்காலமும் அமைப்பிலேயே கொடுக்கலாம். தினமும் ஒன்று, இரண்டு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். கணினி அந்த நேரத்தில் அணைந்திருந்தால் அன்றைய ஸ்னாப்ஷொட் இல்லை. மின்சாரம் பெரும்பாலும் இருக்கும் காலை நேரத்துக்கு மாற்றியதற்கு அதுவே காரணம்.

சோதனைக்காகக் கொண்டெய்னரை நகலெடுப்பது எங்கள் அன்றாட வேலை. நகலுக்குப் புதிய மேக் முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்கும். ஆனால் எஸ்எஸ்எச் சாவிகளும் இயந்திர அடையாளக் கோப்பும் அப்படியே வரும். அந்த அடையாளத்தை வைத்து ஐபி கேட்கும் அமைப்புகளில் இரண்டு கொண்டெய்னர்கள் ஒரே முகவரிக்குப் போட்டி போடும். தாய்க் கணினியின் ஒரு போர்ட்டுக்கு வருவதைக் கொண்டெய்னருக்குக் கடத்தும் புரொக்ஸி சாதனம் வைத்திருந்தால் நகல் எழவே எழாது, தாய்க் கணினியில் அந்தப் போர்ட்டை மூலம் ஏற்கனவே பிடித்திருக்கும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் கிரொன். கல்வி நிலையத் தளத்தின் நகல் விழித்தெழுந்து பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினால் தொலைபேசி ஓயாது. அதனால் நகலெடுக்கும் கட்டளையிலேயே, வலையமைப்புச் சாதனம் இல்லாத ஒரு புரொஃபைலை (அமைப்புகளின் தொகுப்பு) கொடுத்துவிடுவோம். "அண்ணை, இதில் இணையம் வேலை செய்யவில்லை" என்று புதிதாக வந்த தம்பி ஒருவர் கவலையோடு வந்து சொன்னார். வேலை செய்யக் கூடாது என்றுதான் தம்பி அப்படி வைத்திருக்கிறோம்.

ஸ்னாப்ஷொட் அதே வட்டில் இருக்கிறது. வட்டு போனால் அதுவும் போகும். அதனால் அலுவலகத்துக்கு வெளியே, ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் வாடகை கட்டும் ஒரு சேவையகத்துக்கும் நகல் போகிறது. அந்தப் பக்கம் டோக்கன் என்ற அனுமதிக் குறியீட்டை உருவாக்கி, இந்தப் பக்கம் அந்தச் சேவையகத்தை ரிமோட்டாகச் சேர்த்தால் இணைப்பு தயார். இயல்பான முறையில் பெறும் சேவையகம்தான் மூலத்தைத் தேடி வரும். எங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய பொது ஐபி முகவரி இல்லை, எனவே அது எங்களை வந்தடைய முடியாது. மோட் என்ற தெரிவில் புஷ் என்று கொடுத்தால் நாங்களே தள்ளிவிடலாம். ஓடும் கொண்டெய்னருக்கு ஸ்டேட்லெஸ் தெரிவையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நினைவகத்தோடு நகர்த்த முயன்று தவறும்.

முதல் நகல்தான் சோதனை. இங்கிருந்து மேலேற்றும் வேகத்தில் அது இரவு முழுவதும் போகும். நடுவில் இணைப்பு அறுந்தால் அரைகுறை நகலை இன்கஸ் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். பெரிய கொண்டெய்னர்களுக்கு நான் கொப்பியை நம்புவதில்லை. எக்ஸ்போர்ட் செய்து ஒரே கோப்பாக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில் ஆர்சிங் என்ற கோப்பு அனுப்பும் கருவியால் அனுப்பி, அங்கே இம்போர்ட் செய்கிறேன். சிறியவற்றுக்குக் கொப்பியோடு ரிஃப்ரெஷ் தெரிவு போதும்: இரு பக்கமும் இசட்எஃப்எஸ்ஸாக இருந்து, பொதுவான ஸ்னாப்ஷொட்டும் இருந்தால் வித்தியாசம் மட்டுமே பயணிக்கும். பெறும் பக்கத்து நகல் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

இன்கஸ் 6.0 க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. அதுவரை மாற வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. அலுவலகத்தின் இரண்டாவது கணினியில் மட்டும் இன்னும் டிர் சேமிப்பகம் கிடக்கிறது. எஸ்எஸ்டி வட்டின் விலை கொஞ்சம் இறங்கட்டும், அதையும் மாற்றிவிடலாம்.