மனுவில் எந்த எண்ணை எழுதுவது?

திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனுவில் "எல்லாருக்கும் தண்ணீர்க் கஷ்டம்" என்று மட்டும் இருந்தால், அது நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும். எண் வேண்டும். அதை எடுக்க மூன்று வழி உண்டு.

முதலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. செலவில்லை, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கையில் இருப்பது 2011 கணக்கு. அதன்பின் முளைத்த நகர்கள் அதில் இல்லை. அட்டவணையில் எந்த வரியை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தண்ணீரை விட்டு, பழைய கணக்கிலிருந்து ஓர் உதாரணம்: 2001-ல் சேலம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 929 பெண்கள். பெரிதாக உறுத்தாத எண். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் பார்த்தால் 851. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாமென்ற குழந்தையை அரசிடம் விட வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஏன் சேலத்தில் தொடங்கியது என்பது இப்படிக் குழந்தைகளுக்கான வரியைப் பார்த்தால்தான் புரியும்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அவர்கள் ஆவணமே சாட்சி என்பதால் மறுக்க வழியில்லை. "குடிநீர் சீராக வருகிறதா?" என்று கேட்டு வீணடிக்க வேண்டாம், எங்கள் தெருவுக்கு வால்வு திறந்த தேதிகளின் பதிவேட்டு நகல் என்று கேளுங்கள். ஒரு குறை: வால்வு திறந்தது தெரியும், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது.

அதற்குத்தான் மூன்றாவது வழி, நாமே நோட்டோடு போய் எண்ணுவது. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பதை நான் சேர்க்கவே மாட்டேன். எரிச்சலில் இருப்பவர்தான் முதலில் பதில் போடுவார். வீட்டு வரிசைப்படி போங்கள், பூட்டிய வீட்டையும் குறியுங்கள். ஏற்காட்டில் என்றால் ரோட்டோர வீடுகளோடு திரும்பிவிடக் கூடாது. பள்ளத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும் கணக்கில் விடுபடுகிறார்கள்.

எண்ணியதை எப்படிச் சொல்வது? ஒரு பேச்சுக்கு, 10 வீடு. எட்டுக்கு 3 நாளுக்கு ஒருமுறை, கடைக்கோடி இரண்டுக்கு 13 நாளுக்கு ஒருமுறை. சராசரி 5 நாள். இடைநிலை அளவு, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது, 3 நாள். ஏற்காட்டில் நிலத்தின் விலையைப் பேசும்போது இடைநிலைதான் நியாயம். ஒரு பெரிய பங்களா விற்றாலே சராசரி எகிறிவிடும். இங்கேயோ இடைநிலை அந்த இரண்டு வீட்டை அடியோடு மறைக்கிறது. சராசரியும் பூசி மெழுகுகிறது. "10-ல் 2 வீட்டுக்கு 13 நாளுக்கு ஒருமுறை" என்றே எழுதுங்கள்.

என் ஓட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் போடுவதற்கே. பதிவேட்டுத் தேதி ஒரு பக்கம், கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த தேதி மறுபக்கம். இரண்டும் ஒரே மாதத்துக்கானவையாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் ஒரு மாதம் நோட்டு, பிறகு அதே மாதத்தின் பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பம்.