மிலானில் இரண்டே நாள்: ரோ சந்தையா, பிரேராத் தெருக்களா?

ஏப்ரல் மாதத்தில் நடக்கும் வடிவமைப்பு வாரத்துக்காக மிலான் நகருக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள்கள் மட்டும் செல்ல நினைப்பவர், அங்கே ஒரே சமயத்தில் இரண்டு விழாக்கள் நடக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 1961-இல் தொடங்கிய சலோனே டெல் மொபிலே என்னும் அறைக்கலன் சந்தை. இது நகருக்கு வடமேற்கே ரோ என்னும் ஊரை ஒட்டிய பெரிய வளாகத்தில் கூடுகிறது. மற்றொன்று, 'சலோனேக்கு வெளியே' என்று பொருள்படும் ஃபுவோரிசலோனே. காட்சியறைகள், பழைய மாளிகைகளின் முற்றங்கள், கைவிடப்பட்ட தொழிற்சாலைகள் என நகரெங்கும் சிதறிக் கிடக்கும் இதற்குப் பொதுவான வாயில் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான இடங்களில் கட்டணமும் கிடையாது. இரண்டு நாள்களில் இரண்டையும் முழுதாகப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே எதை விடுவது என்று தீர்மானித்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

நாள்காட்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் ரோவின் பக்கமே தராசு சாய்கிறது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை நடக்கும் சந்தையின் முதல் நான்கு நாள்கள் முதன்மையாக வணிகர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் உரியவை. பொதுமக்களுக்குக் கதவு திறப்பது சனி, ஞாயிறுகளில்தான். நகரத்து விழாவோ திங்களன்றே களைகட்டத் தொடங்கிவிடுவதால், ஞாயிறு பிற்பகலுக்குள் சில இடங்களில் ஏணி போட்டு விளக்குகளைக் கழற்றத் தொடங்கியிருப்பார்கள்.

ரோ வளாகத்தின் அளவை நேரில் காணும்வரை நம்ப முடியாது. மாசிமிலியானோ ஃபுக்சாஸ் வடிவமைத்து 2005-இல் திறக்கப்பட்ட அதன் நடுவே, ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கண்ணாடிக் கூரை அலை அலையாக ஓடுகிறது. அதன் இருபுறமும் காட்சிக் கூடங்கள். 2024-இல் அந்த ஆறு நாள்களில் வந்தவர்கள் 3,70,000-க்கும் அதிகம். சிவப்பு மெட்ரோ வளாக வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் என்றாலும், நகர எல்லைக்குரிய சாதாரணப் பயணச்சீட்டு அங்கே செல்லாது. ஒரு மண்டலம் கூடுதலாக வாங்க வேண்டும். இந்தச் சிறு விவரம் தெரியாமல் வெளியேறும் தடுப்புக் கதவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே கிடைப்பது பொருள், வெறும் அலங்காரமன்று. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம், இழுப்பறையைத் திறந்து மூடலாம், மேசையின் விளிம்பைத் தடவிப் பார்க்கலாம். எந்த ஆண்டு செல்கிறோம் என்பதும் முக்கியம்: இரட்டைப்படை ஆண்டுகளில் சமையலறையும் குளியலறையும், ஒற்றைப்படை ஆண்டுகளில் விளக்குகளும் தனிப் பிரிவாக அமைகின்றன. வீடு கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த வேறுபாடு ஒன்றே பயண ஆண்டைத் தீர்மானிக்கப் போதும். என் கணிப்பில் வளாகத்தின் மிக உயிருள்ள பகுதி, மார்வா கிரிஃபின் 1998-இல் தொடங்கிய சலோனே சாட்டலைட். 35 வயதுக்குட்பட்ட வடிவமைப்பாளர்கள் தாங்கள் செய்ததன் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள். பெரிய நிறுவனங்களின் அரங்குகளில் விற்பனையாளர்கள் சனிக்கிழமைக்குள் களைத்துப்போயிருக்க, இந்த இளைஞர்கள் மட்டும் களைப்பைக் காட்டிக்கொள்வதில்லை.

ஃபுவோரிசலோனே நடக்கும் பகுதிகளுள் ஒன்றான பிரேரா இதற்கு நேர் எதிர். ஓவியக் கூடமும் கலைக்கல்லூரியும் 1774-இல் அமைந்த தாவரவியல் தோட்டமும் ஒரே மாளிகையை ஒட்டி நிற்கும் இந்தப் பழைய பகுதியில் நடக்கும்போது, நாம் பார்க்க வந்தது கண்காட்சியையா நகரத்தையா என்ற ஐயம் எழும். அந்த ஐயமே அதன் அழகு. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் முற்றங்கள் அந்த ஒரு வாரம் மட்டும் திறந்திருக்கும். கல் தூண்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவரோ நீர்ப்பரப்போ துணிக்கூடாரமோ எழுப்பியிருப்பார்கள். இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்தால், ஃபிலாரெத்தே 15-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பழைய மருத்துவமனையில் இயங்கும் மிலான் பல்கலைக்கழகத்தை அடையலாம். அதன் முற்றங்களில் 'இன்டர்னி' இதழ் ஆண்டுதோறும் நிறுவும் பெரிய கலையமைப்புகளையும் பார்த்துவிடலாம்.

ஆனால் பிரேராவை அப்படியே புகழ்ந்துவிட முடியாது. ஆடை நிறுவனங்கள், கார் நிறுவனங்கள், கைப்பேசி நிறுவனங்கள் எல்லாம் இங்கே இடம்பிடித்துவிட்டன. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், ஒரு வாசனைத் திரவியமும் நான்கு திரைகளும் இருக்கும்; உட்கார ஒரு முக்காலிகூட இராது. சில இடங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் தெருவே நகராது என்பதால், காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும் நேரத்தில் அங்கே நிற்பவருக்குத்தான் பிரேரா தன் முகத்தைக் காட்டும்.

ஆயினும் சந்தைக்கு வெளியே நடப்பதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட வேண்டும். வடிவமைப்பாளர் எத்தோரே சோட்சாஸ் தலைமையிலான மெம்ஃபிஸ் குழு, நிறங்களை வாரி இறைத்த தன் அறைக்கலன்களை 1981 செப்டம்பரில் முதன்முதலாகக் காட்டியது சந்தை வளாகத்தில் அல்ல. நகரத்துக்குள் இருந்த ஒரு சிறு காட்சிக்கூடத்தில்தான். அன்றைக்குச் சந்தையும் செப்டம்பரில் நடந்தது.

தென்மேற்கே போர்ட்டா ஜெனோவா நிலையத்தை ஒட்டிய டோர்டோனா, பழைய ஆலைக் கட்டடங்களில் விரியும் பகுதி. இடம் தாராளம், கூச்சல் அதிகம். டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைத்த முதெக் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருப்பதும், மாலையில் கால்வாய்க் கரைக்கு நடந்துபோய்விடலாம் என்பதும் இதன் நன்மைகள். இரண்டு நாள்களே உள்ளவர் இதை விட்டுவிடலாம்.

விட மனம் வராதது அல்கோவா. 2018-இல் ஜோசப் கிரிமாவும் வாலென்தீனா சுஃபியும் தொடங்கிய இக்கண்காட்சி, ஒரு பழைய பனெத்தோனே கேக் ஆலையில் பிறந்து, படைமருத்துவமனை, இறைச்சிக்கூடம் என்று இடம் மாறி, 2024-இல் நகருக்கு வடக்கே வரேதோவில் உள்ள இரண்டு மாளிகைகளுக்குப் போனது. அவற்றுள் ஒன்று கட்டடக் கலைஞர் ஒஸ்வால்தோ போர்சானி தன் குடும்பத்துக்காகக் கட்டியது. அந்த வீட்டின் மாடிப்படி ஒன்றுக்காகவே அப்போது புறநகர் ரயில் ஏறியிருக்கலாம். எனினும் இப்படி நகருக்கு வெளியே நடக்கும் ஆண்டில் போக, வர, வரிசையில் நிற்க என்று அரை நாள் போய்விடும். இடமும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஆண்டுக்குரிய முகவரியைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

தங்குவதற்கு ரோவை ஒட்டிய விடுதிகளைவிடப் போர்ட்டா வெனேசியா பகுதி மேல். அதுவும் சிவப்பு மெட்ரோவிலேயே இருப்பதால் சந்தைக்குப் போக வண்டி மாற வேண்டியதில்லை. இரவில் வடிவமைப்பாளர்கள் நடைபாதை வரை நிரம்பி வழியும் பார் பாஸோ மதுக்கூடத்துக்கும் நடந்தே போய்விடலாம். அந்த வாரத்தில் அறை வாடகை எங்கும் கன்னாபின்னாவென்று ஏறிவிடும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்வது கட்டாயம்.

வாங்கவோ கற்கவோ செல்பவர் சனிக்கிழமை முழுவதையும் ரோவுக்குக் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது: சனி காலை பிரேரா, பிற்பகல் பல்கலைக்கழக முற்றங்கள். ஞாயிறன்று விழாவையே விட்டு விலகி, பியெரோ போர்ட்டலூப்பி 1930-களில் கட்டிய வில்லா நெக்கி கம்பீலியோ என்னும் மாளிகைக்குச் செல்லலாம். அங்கே இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையே செடிகள் வளரும் தாழ்வார அறையையும், சுவருக்குள் நழுவி மறையும் உலோகக் கதவுகளையும் யாரும் அவசரப்படுத்தாமல் பார்க்கலாம். திங்களன்று கழற்றி எடுத்துப்போக அங்கே எதுவும் இல்லை.